சேவைக் கழகங்களும் நம் கிராமச் சங்கங்களும்

நம் கிராமங்களில் நின்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். கிணற்றுக் கட்டில், முன்பள்ளிச் சுவரில், பஸ் தரிப்பிடத்தின் முகப்பில் பெயர்ப்பலகைகள் தெரியும். சிலவற்றில் பற்சக்கரம் ஒன்றின் படம் இருக்கும். அது றோட்டறிக் கழகத்தின் சின்னம். வேறு சிலவற்றில் இரு திசைகளையும் நோக்கும் இரண்டு சிங்கத் தலைகள் இருக்கும். அது லயன்ஸ் கழகத்தின் சின்னம்.

1990 ஆம் ஆண்டிலிருந்து 2009 வரை நாம் எத்தனை தடவை இடம்பெயர்ந்தோம் என்பதை விரல் விட்டு எண்ண முடியாது. மடுவில் இருந்தவர்கள், வங்கம் ஏறி மண்டபம் முகாமுக்குப் போனவர்கள், வன்னிக்குள் நடந்து நடந்து கடைசியில் மெனிக் பாமில் கூடாரத்தில் கிடந்தவர்கள், புத்தளத்தில் இருபது ஆண்டுகள் ஓலைக் குடிசையில் வாழ்ந்த முஸ்லிம் சகோதரர்கள் என்று எல்லாரும் நம் மாவட்டத்தவர்களே. இந்தக் காலம் முழுவதும் பல நிறுவனங்கள் வந்தன. நிதி முடிந்ததும் போயின. சேவைக் கழகங்களோ அவ்வாறு வந்து போகிறவை அல்ல. அவை நகரங்களில் வேர்விட்டு இருப்பவை. ஆயினும் அவற்றைப் பற்றி நம்மவர்களிடம் கேட்டால், "பெரிய ஆக்கள் கூடிச் சாப்பிடுற இடம், சுவாமி" என்று ஒருவர் சொல்வார். "வெளிநாட்டுக் காசு வாற இடம்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டிலும் சிறிது உண்மை உண்டு. ஆனால் முக்கியமான ஒன்று இரண்டிலும் இல்லை.

இந்தக் கழகங்கள் எப்படித் தோன்றின, எப்படிக் கூடுகின்றன, ஒரு வேலையை எப்படி எடுத்து முடிக்கின்றன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். அவற்றிடம் பெற்றுக்கொள்ளக்கூடிய உதவி ஒரு பக்கம் இருக்கட்டும். அவற்றிடமிருந்து கற்றுக்கொள்ளக்கூடியது அதைவிடப் பெரியது என்பதே என் எண்ணம்.

எப்படித் தோன்றின?

1905 ஆம் ஆண்டு பெப்ரவரி 23 ஆம் திகதி, அமெரிக்காவின் சிக்காகோ நகரில், ஒரு சிறிய அலுவலக அறையில் நான்கு பேர் கூடினார்கள். போல் ஹரிஸ் என்பவர் சட்டத்தரணி. மற்ற மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியியலாளர், ஒருவர் தையற்காரர். சிற்றூரில் வளர்ந்த போல் ஹரிசுக்குப் பெரிய நகரத்தில் தனிமை தாங்க முடியவில்லை. ஊரில் இருந்த நட்பை நகரத்திலும் உண்டாக்க வேண்டும் என்று நினைத்தார். இந்த வாரம் ஒருவருடைய அலுவலகம், அடுத்த வாரம் இன்னொருவருடைய அலுவலகம் என்று சுழற்சி முறையில் கூடினார்கள். சுழற்சி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே 'றோட்டறி' என்ற பெயர் வந்தது.

தொடக்கத்தில் அது நட்புக்கும் தொழிலுக்குமான கூட்டமாகவே இருந்தது. 1907 இல்தான் முதற் பொதுப்பணியைக் கையில் எடுத்தார்கள். அது கோயிலும் அல்ல, மணிக்கூட்டுக் கோபுரமும் அல்ல. சிக்காகோ நகர மண்டபத்தின் அருகே ஒரு பொதுக் கழிப்பறை! நகரத்துக்கு வந்து போகும் சாதாரண மக்களுக்கு அன்று எது இல்லையோ அதையே செய்தார்கள். 1929 இல் கொழும்பிலும் றோட்டறிக் கழகம் தொடங்கப்பட்டது.

லயன்ஸ் கழகம் 1917 இல் அதே சிக்காகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் உருவானது. 1925 இல் பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் லயன்ஸ் மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்காக உழைக்குமாறு வேண்டிக்கொண்டார். அன்றிலிருந்து கண் பரிசோதனை, மூக்குக்கண்ணாடி, கண்புரைச் சத்திரசிகிச்சை ஆகியவை அவர்களுடைய முதன்மைப் பணிகளாயின.

நீண்ட காலம் இவை ஆண்களுக்கு மட்டும் உரிய கழகங்களாக இருந்தன. 1987 இல் லயன்ஸ் கழகமும் 1989 இல் றோட்டறிக் கழகமும் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. எழுபது, எண்பது வயதான அமைப்புகளும் தம் பிழையைத் திருத்திக்கொள்ளலாம் என்பதற்கு இது ஒரு சான்று. ஆண்கள் மட்டுமே முன்வரிசையில் இருக்கும் நம் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கூட்டம் எப்படி நடக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரக் கழகம், மீள்குடியேறிய மக்களின் நிலை பற்றிப் பேசும்படி என்னை அழைத்தது. சாப்பாட்டு மண்டபத்தில் நடக்கும் கூட்டம் என்று கேள்விப்பட்டதும் எனக்கு அவ்வளவு விருப்பம் இருக்கவில்லை. ஆனால் அன்று நான் பேசியதைவிடக் கற்றதே அதிகம்.

குறித்த நேரத்துக்குத் தலைவர் மணியை அடித்தார். அப்போது மண்டபத்தில் பாதிப்பேர்தான் இருந்தார்கள். ஆயினும் கூட்டம் தொடங்கிவிட்டது. பிந்தி வந்தவர்கள் சத்தமில்லாமல் வந்து அமர்ந்தார்கள். தேசிய கீதம் முடிந்ததும் செயலாளர் போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்தார். பிறகு ஒவ்வொரு குழுவின் பொறுப்பாளரும் எழுந்து, போன முறை தான் ஏற்றுக்கொண்ட வேலை எந்த அளவில் நிற்கிறது என்று இரண்டு நிமிடத்தில் சொன்னார். ஒருவர், "நான் அதைச் செய்யவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன் செய்வேன்" என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார். பொருளாளர் கையிருப்பைச் சொன்னார். எனக்கு இருபது நிமிடம் தந்தார்கள். பத்து நிமிடம் கேள்வி கேட்டார்கள். ஒருவர் நன்றி சொன்னார். மணி மறுபடி அடித்தது. எல்லாம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

அங்கே இருந்தவர்களில் சிலர் வசதி படைத்தவர்கள்தான். ஆனால் நான் கண்ட ஒழுங்கிற்குப் பணம் தேவையில்லை. ஒரு மணியும் ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் போதும்.

இவர்களுடைய பழைய விதிகள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. றோட்டறியில் நெடுங்காலம் வாரந்தோறும் கூட்டம் நடந்தது. தகுந்த காரணமின்றித் தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராதவர் உறுப்புரிமையையே இழக்க நேரிடும். வெளியூருக்குப் போனவர் அந்த ஊரிலுள்ள கழகத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு வரவை ஈடு செய்யலாம். 2016 இல்தான் இந்த விதிகள் தளர்த்தப்பட்டன. தலைவர் பதவி ஓராண்டுக்கு மட்டுமே. யூலை முதலாம் திகதி புதியவர் பொறுப்பேற்பார். அவருக்குப் பின் வரப்போகிறவரும் முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டு, பக்கத்தில் இருந்து வேலை பழகுவார். பல தொழில் செய்பவர்களும் ஒரே கழகத்தில் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் தொடக்கத்திலிருந்து போற்றி வந்த கொள்கை.

ஒரே ஆள் பதினைந்து வருடம் தலைவராக இருக்கும் சங்கம் நம் ஊர்களில் உண்டா, இல்லையா? அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் நோயில் விழுந்தால் சங்கமும் படுத்துவிடுகிறது.

ஒரு வேலைத்திட்டம் எப்படிப் பிறக்கிறது?

கழகத்தின் வேலைத்திட்டங்கள் இரண்டு வகை. உறுப்பினர்கள் தம்மிடையே சேர்க்கும் பணத்தில் செய்யும் சிறிய வேலைகள் ஒரு வகை. கண் பரிசோதனை முகாம், இரத்ததானம், பாடசாலைக் கொப்பிகள், ஒரு கிணற்றைத் திருத்துதல் போன்றவை இதில் அடங்கும். வெளிநாட்டுக் கழகம் ஒன்றுடன் சேர்ந்து செய்யும் பெரிய வேலைகள் மற்ற வகை.

றோட்டறி நிறுவனம் 2013 முதல் வழங்கிவரும் உலகளாவிய மானியம் என்பது இந்த இரண்டாம் வகைக்கு உரியது. அதற்கு ஆகக் குறைந்தது 30,000 அமெரிக்க டொலர் பெறுமதியான திட்டம் வேண்டும். உள்நாட்டில் ஒரு கழகமும் வெளிநாட்டில் ஒரு கழகமும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். நமக்கு முக்கியமான நிபந்தனை ஒன்றும் உண்டு. மக்களின் தேவை என்ன என்பதை அந்த மக்களிடமே கேட்டு அறிந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பணம் முடிந்த பிறகும் அந்த வேலை எப்படி நிலைக்கும் என்று விளக்க வேண்டும். அப்படியானால், நம் ஊர் ஒன்றுகூடி எடுத்து எழுதிய தீர்மானம் அவர்களுக்கும் தேவைப்படுகிறது. நாம் கையேந்தி மட்டும் போகவில்லை. அவர்களுக்கு வேண்டிய ஒன்றைக் கொண்டும் போகிறோம்.

இன்னொரு வழியும் உண்டு. 1986 இல் றோட்டறியின் உலகத் தலைவராக இருந்த பிலிப்பைன்ஸ் நாட்டவரான கப்பாராஸ் என்பவர், கிராமத்து மக்களே குழுவாகச் சேர்ந்து தம் ஊர் வேலையைத் திட்டமிட, நகரக் கழகம் பக்கத்துணையாக நிற்கும் ஒரு முறையைத் தொடக்கி வைத்தார். முதலில் கிராமப் படை என்றும் பின்னர் சமூகப் படை என்றும் அது பெயர் பெற்றது. இதில் சேர றோட்டறி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. நகரத்தில் தொழில் செய்ய வேண்டியதுமில்லை.

இவர்களால் ஆகக்கூடிய பெரிய வேலைக்கு உதாரணம் போலியோ ஒழிப்பு. 1985 இல் றோட்டறி அதைத் தன் பெரும் பணியாக ஏற்றது. 1988 இல் உலக நாடுகள் எல்லாம் அந்த முயற்சியில் இணைந்தன. அப்போது ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பிள்ளைகள் அந்த நோயால் பாதிக்கப்பட்டார்கள். இலங்கையில் 1993 இற்குப் பின் ஒரு பிள்ளையும் போலியோவால் முடமாகவில்லை. 1995 இல் தொடங்கிய தேசிய நோய்த்தடுப்பு நாட்களில், போர் நடந்த பகுதிகளிலும் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்க, தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து சொட்டு மருந்து கொடுத்ததை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அரசாங்கத்தின் சுகாதாரப் பகுதி, யுனிசெவ், சேவைக் கழகங்கள் எனப் பலர் இதில் பங்கு கொண்டார்கள். 2014 மார்ச்சில் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றது என்று சான்றளிக்கப்பட்டது. முப்பது வருடம் ஒரே வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் கிடைத்த பலன் அது.

நான் விட்ட பிழை

இனி நான் சொல்லப்போவது என் சொந்தப் பிழை. மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில், ஒரு கிராமத்துப் பெண்களுக்கு உதவி செய்ய ஒரு கழகம் முன்வந்தது. என்ன தேவை என்று என்னிடம் கேட்டார்கள். கணவனை இழந்தவர்கள் பலர் இருந்த ஊர் அது. அன்றிரவே மேசையில் இருந்து, பன்னிரண்டு தையல் இயந்திரங்கள் வேண்டும் என்று கடிதம் எழுதினேன். மூன்று மாதத்தில் இயந்திரங்கள் வந்தன. விழா வைத்தோம். படம் எடுத்தோம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஏழு இயந்திரங்கள் பொது மண்டபத்தில் சாக்கால் மூடிக் கிடந்தன. தைத்த துணியை வாங்க ஊரில் ஆளில்லை. சந்தையில் அதைவிட மலிவாகத் தைத்த உடுப்பு கிடைத்தது.

ஒரு வயோதிபத் தாய் என்னிடம் சொன்னார்: "சுவாமி, மெசின் நல்லதுதான். ஆனா எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே. மாரி வந்தா வாய்க்கால் கடக்கேலாது. பிள்ளையள் பள்ளிக்கூடம் போறேல்லை. ஒரு மதகு கட்டித் தந்திருந்தாக் காணும்."

கடிதம் எழுதியது நான். கேட்காமல் எழுதியதும் நான். கழகத்தில் எந்தக் குற்றமும் இல்லை.

அதன் பிறகு மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து கூடின. நாலு தடவை கூட வேண்டியிருந்தது. மதகு எந்த இடத்தில் வரவேண்டும் என்பதில் பிரச்சினை. வாய்க்கால் ஓரத்தில் வயல் வைத்திருந்த ஒரு முதியவர், "நீங்கள் சொல்லுற இடத்தில கட்டினா வெள்ளம் என்ர வயலுக்கதான் வரும்" என்று எழுந்து நின்றார். முதல் இரண்டு கூட்டத்தில் அவரைப் பிடிவாதக்காரர் என்று எல்லாரும் நினைத்தார்கள். மூன்றாம் கூட்டத்துக்கு முன் சிலர் போய் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி. மதகை முப்பது முழம் மேலே தள்ளினார்கள். பிரதேச சபையின் அனுமதியைப் பெற்றார்கள். கழகம் சீமெந்தும் கொங்கிறீற் குழாய்களும் கொடுத்தது. கல்லும் மணலும் ஏற்றி இறக்கும் வேலையை ஊர் சிரமதானமாகச் செய்தது. அந்த மதகு இன்றும் நிற்கிறது. என் கடிதம் ஓர் இரவில் முடிந்தது. அவர்களுடைய கூட்டம் நாலு மாதம் எடுத்தது. நிலைத்தது எது என்று நீங்களே பாருங்கள்.

இதே போல ஒரு குழாய்க் கிணற்றின் கதையும் எனக்குத் தெரியும். திறப்பு விழாவுக்கு நூறு பேர் வந்தார்கள். பதினான்கு மாதத்தில் ஒரு வாசர் தேய்ந்து கிணறு நின்றுவிட்டது. அந்த வாசரின் விலை ஒரு நாட்கூலியிலும் குறைவு. ஆனால் அதை வாங்க வேண்டியவர் யார் என்று எந்தக் கொப்பியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. "தந்தவர்களே வந்து திருத்தட்டும்" என்று இருந்துவிட்டார்கள். பெண்கள் மறுபடியும் குடத்தோடு நடந்தார்கள்.

இதற்காக மக்களைக் குறை சொல்வது நியாயமல்ல. ஆண்டுக்கணக்காக முகாமில் வரிசையில் நின்று, பட்டியலில் பெயர் வருகிறதா என்று காத்திருந்து வாழ்ந்தவர்கள் நாம். அங்கே எதையும் தீர்மானிக்கும் உரிமை நமக்கு இருக்கவில்லை. அந்தப் பழக்கம் முகாமோடு போய்விடவில்லை. நம்மோடு ஊருக்கும் வந்துவிட்டது. அதை விடுவதும் மீள்குடியேற்றத்தின் ஒரு பகுதிதான்.

கூடத் தெரியாதவர்களா நாம்?

கூட்டம் என்பது நகரத்தவர் நமக்குக் கற்றுத்தர வேண்டிய புதுப் பொருள் அல்ல. கட்டுக்கரைக் குளத்தை நினைத்துப் பாருங்கள். அருவியாற்று நீரைத் தேக்கத்தில் மறித்து, வாய்க்கால் வழியே கொண்டுவந்து நிரப்பும் அந்தக் குளத்தின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் உண்டு. காலபோகத்துக்கு முன்னும் சிறுபோகத்துக்கு முன்னும் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. துருசு திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், வாய்க்கால் துப்புரவு செய்யும் நாள், கட்டாக்காலி மாடுகளைக் கட்ட வேண்டிய நாள், கடைசித் தண்ணீர் விடும் நாள் எல்லாம் அங்கே தீர்மானமாகின்றன. குளத்தில் தண்ணீர் குறைந்த வருடத்தில், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதும் அங்கேதான். அந்தக் கூட்டத்துக்குப் போகாத கமக்காரனுடைய பயிர் கதிர் தள்ளும் நேரத்தில் காய்ந்து போகலாம். அதனால் போகிறோம்.

மரண சகாய சங்கம் இல்லாத ஊர் உண்டா? மாதச் சந்தா கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே கணக்கு ஒழுங்காக இருக்கிறது. நம் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையும், 1833 இல் பாரிஸ் நகரில் பிரெடரிக் ஒசானாம் என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியதிலிருந்து, ஒழுங்காகக் கூடுவதையும் இருவர் இருவராக வீடு சந்திப்பதையும் அடிப்படையாகக் கொண்டதுதான். அங்கே காணிக்கைப் பையை மூடியபடி சுற்றி அனுப்புவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று எவருக்கும் தெரியாது. இல்லாதவரும் வெட்கமின்றிக் கூட்டத்தில் இருக்கலாம்.

நம் நாட்டிலேயே 1958 இல், கொழும்புப் பாடசாலை ஒன்றின் ஆசிரியராக இருந்த ஆரியரத்ன அவர்கள் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துப் போய்ச் சிரமதானம் செய்ததிலிருந்தே சர்வோதய இயக்கம் வளர்ந்தது. சிரமதானத்தில் மண்வெட்டி பிடிப்பதோடு, எல்லாரும் ஒரே பாயில் இருந்து பேசுவதையும் அவர் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்தார்.

தண்ணீருக்கும் சாவுக்கும் ஒழுங்காகக் கூடத் தெரிந்த நாம், மற்றவற்றுக்கும் அப்படிக் கூடலாம்.

நம் சங்கக் கூட்டம்: சில நடைமுறைகள்

1. மாதத்தில் ஒரு நாளை நிலையாக வையுங்கள். உதாரணமாக, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பின்னேரம். அழைப்புக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் நேரத்தை மாற்றலாம், கூட்டத்தை விடக்கூடாது.

2. சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். ஐந்து பேர் இருந்தாலும் தொடங்குங்கள். பிந்தி வருபவருக்காகக் காத்திருப்பது, நேரத்துக்கு வந்தவருக்குத் தரும் தண்டனை.

3. கூட்டறிக்கையை எழுதி, அடுத்த கூட்டத்தில் உரத்து வாசியுங்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் ஒரு திகதியும் இருக்க வேண்டும். "சங்கம் செய்யும்" என்று எழுதினால் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

4. வரவு செலவை மாதந்தோறும் வாசியுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத செலவை ஏற்காதீர்கள். இது பொருளாளரைச் சந்தேகிப்பதற்காக அல்ல. அவருடைய நல்ல பெயரைக் காப்பதற்காக.

5. பதவிகளைச் சுழற்சியாக வையுங்கள். உப தலைவரை வேலை பழக்குங்கள்.

6. யார் வரவில்லை என்று பாருங்கள். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண், இந்தியாவிலிருந்து பிந்தித் திரும்பிய குடும்பம், காணி இல்லாத கூலியாள், ஊரின் மற்றச் சமயத்தவர் ஆகியோரில் எவருடைய இடம் வெறுமையாக இருக்கிறது? அவர்களிடம் ஒருவர் வீடு தேடிப் போய்க் கேட்டு வரட்டும்.

7. பொதுச் சொத்து ஒவ்வொன்றுக்கும் பராமரிப்புச் சந்தா வையுங்கள். வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபா என்றாலும், நாற்பது வீட்டுக்கு ஒரு வருடத்தில் இருபத்து நாலாயிரம் ரூபா சேரும். அந்தக் குழாய்க் கிணறு நின்றிருக்காது.

கழகத்திடம் போகும்போது

எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஊரில் எத்தனை குடும்பங்கள், என்ன தேவை, அதை எந்தத் திகதியில் நடந்த எந்தக் கூட்டம் தீர்மானித்தது, ஊர் கொடுக்கக்கூடியது என்ன, கழகத்திடம் கேட்பது என்ன, முடிந்த பின் பராமரிப்பது யார் என்ற ஆறு விடயங்களும் அதில் இருக்கட்டும். கூட்டறிக்கையின் பிரதியை இணையுங்கள். சங்கம் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யப்பட்டதாயின் பதிவிலக்கத்தையும் எழுதுங்கள். கமக்காரர் அமைப்பாயின், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பெற்ற பதிவைக் குறிப்பிடுங்கள். காணி யாருடையது என்பதில் தெளிவில்லாத இடத்தில் எதையும் கட்டக் கேட்காதீர்கள்.

அவர்கள் ஊருக்கு வந்தால் நீங்களும் கேள்வி கேளுங்கள். தருகிற பொருளுக்கு உதிரிப்பாகம் மன்னாரில் கிடைக்குமா? பயிற்சி தருவீர்களா? நிலத்தடி நீர் பற்றித் தெரிந்தவரிடம் கேட்டீர்களா? மன்னார்த் தீவில் இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. அங்கே மணலுக்குக் கீழே உள்ள நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. பெரிய மோட்டார் வைத்து அளவுக்கு மேல் இறைத்தால் கீழுள்ள உவர் மேலே ஏறிவிடும். ஒரு தடவை உவர் ஏறிய கிணறு நன்னீராகத் திரும்ப நெடுங்காலம் எடுக்கும். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பெரிய இயந்திரத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லவும் ஒரு சங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்கக்கூடாத இடத்தில் கேட்க வேண்டாம்

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சேவைக் கழகம் கிணறு தரலாம், கண்ணாடி தரலாம், மதகுக்குச் சீமெந்து தரலாம். பிடிபட்டிருக்கும் காணியை அதனால் விடுவித்துத் தர முடியாது. காணாமற்போனவர் பற்றிப் பதில் சொல்ல முடியாது. நட்டஈடு வழங்க முடியாது. அவை உதவிகள் அல்ல; உரிமைகள். அரசாங்கம் கடமையாகச் செய்ய வேண்டியவை. 2007 செப்ரெம்பரில் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளம் மக்கள், 2017 இல் ஒரு மாதத்துக்கு மேல் இரவு பகலாகத் தொடர் போராட்டம் இருந்த பின்னர்தான், கடற்படையினர் வசமிருந்த காணியில் ஒரு பகுதி விடுவிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. பத்து வருடம் சிதறி இருந்த ஊர் ஒரே குரலில் நின்றது. அப்படி நிற்பதற்கும் ஒரு ஊர் கூடிப் பேசிப் பழகியிருக்க வேண்டும். மதகுக்காகக் கூடிய கூட்டமே நாளைக்குக் காணிக்காகவும் கூடும். ஒரு கிணறு கிடைத்ததற்காக உரிமையைக் கேட்காமல் விடுவதும், உரிமை கிடைக்கவில்லை என்பதற்காகக் கிணற்றைப் பாழாக விடுவதும் இரண்டுமே தவறு.

முடிவாக

அப்பம் பலுகிய புதுமையை நம் கிறிஸ்தவ வாசகர்கள் அறிவார்கள். மற்றச் சமயத்தவரும் கேட்டிருப்பீர்கள். பசித்திருந்த கூட்டத்தைக் கண்டதும் இயேசு முதலில் கேட்டது, உங்களிடம் எத்தனை அப்பங்கள் இருக்கின்றன என்பதுதான். போய்ப் பார்த்துவரச் சொன்னார். பிறகு மக்களைச் சிறு சிறு குழுக்களாகப் புல்தரையில் அமரச் செய்தார். உண்டு முடிந்ததும் மீதியைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் என்ற கணக்கும் நமக்குக் கிடைத்திருக்கிறது. கையிருப்பைப் பார்த்தல், குழுவாக அமர்தல், மீதிக்குக் கணக்கு வைத்தல் என்ற மூன்றும் அந்தப் புதுமைக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே யாரும் வரிசையில் நிற்கவில்லை. எல்லாரும் அமர்ந்தே உண்டார்கள்.

உங்கள் சங்கத்தின் கூட்டக் கொப்பி எங்கே இருக்கிறது? கடைசியாக எழுதப்பட்ட திகதி என்ன? வருகிற ஞாயிறு அதைத் தேடி எடுத்து, தூசி தட்டி, அந்தக் கடைசிப் பக்கத்தை எல்லாரும் கேட்க ஒரு தடவை வாசியுங்கள். அடுத்த பக்கத்தில் புதிய திகதியைப் போடுங்கள்.